சிவப்பு மையில் 128: நடப்பு நிகழ்வு டெஸ்ட் சீரிஸ் வாங்கப்போகிறவர்களுக்கு

2023 ஆகஸ்ட் கடைசியில், சந்திரயான்-3 நிலவில் இறங்கிய அதே வாரம், ஒரு நடப்பு நிகழ்வு டெஸ்ட் சீரிஸில் 6,500 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். 2024 யுபிஎஸ்சி பிரிலிம்ஸ், அதாவது குடிமைப் பணிகளுக்கான முதல்நிலைத் தேர்வு எழுதுவதாகத் திட்டம். பகலில் வேலை, விடியலில் இரண்டு மணி நேரம், ராத்திரி இரண்டு மணி நேரம் படிப்பு என்று ஓடிக்கொண்டிருந்தது. பேப்பர் படித்துக் குறிப்பெடுக்க நேரம் போதவில்லை. ‘படித்துச் சுருக்குவது எங்கள் வேலை, பதில் சொல்வது மட்டும் உங்கள் வேலை’ என்று விளம்பரத்தில் போட்டிருந்ததைப் பார்த்ததும் என்னை நினைத்தே எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றிவிட்டது. பணம் அக்கா கொடுத்தது.

பெயர் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த ஒன்றை மட்டும் ஒதுக்கிவிட்டு, அதே கேள்வித்தாளை வேறு அட்டை போட்டு விற்கிற அடுத்த இடத்தில் போய்ச் சேர்வீர்கள். என்ன நடந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

முதல் மூன்று வாரம் குறையே சொல்ல முடியாது. காலை 6 மணிக்கு ஆப்பில் பத்துக் கேள்வி வந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் நாலு வரி விளக்கம். சந்தேகம் கேட்டால் டெலிகிராம் குழுவில் அன்றைக்கே பதில். பணத்தைத் திரும்பக் கேட்க ஏழு நாள் கெடு என்று கட்டணப் பக்கத்தில் எழுதியிருந்தார்கள். அந்த ஏழு நாள் கழிந்து இரண்டு வாரம் ஆனபின்தான் சரக்கு மாறியது. அந்தக் கெடுவும் ஒரு டெஸ்ட்டைக்கூடத் திறக்காதவர்களுக்கு மட்டுமாம். திறந்து பார்க்காமல் திருப்தியில்லை என்று எப்படித் தெரியும்? அதை நான் பின்னால்தான் கேட்டேன், அதற்குப் பதில் வரவில்லை.

இனி அந்தச் சிவப்பு மை. மகளிர் இடஒதுக்கீட்டுச் சட்டம் 2023 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மசோதாவாக வந்தபோது அதன் பெயர் அரசியலமைப்பு 128ஆவது திருத்த மசோதா. குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்துச் சட்டமானபோது அது 106ஆவது திருத்தச் சட்டம். மசோதா எண்ணும் சட்ட எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. இது தயாரிப்பில் இருக்கிற யாரும் ஆரம்பத்திலேயே கற்கிற சங்கதி. என் நோட்டிலும் 106 என்று நீல மையில் எழுதியிருந்தேன்.

அக்டோபரில் ஒருநாள் காலை, பேருந்தில் நின்றபடி அன்றைய கேள்விகளைப் போட்டுக்கொண்டிருந்தேன். ‘நாரி சக்தி வந்தன் அதிநியம் எத்தனையாவது அரசியலமைப்புத் திருத்தச் சட்டம்?’ அந்த மகளிர் இடஒதுக்கீட்டுச் சட்டத்தின் இந்திப் பெயர்தான் அது. நான் 106ஐத் தொட்டேன். கட்டம் சிவப்பானது. 128 பச்சையில் மின்னியது. கீழே ‘உங்கள் தொடர் வெற்றி 11 நாளில் முடிந்தது’ என்று ஒரு அழுமூஞ்சிப் படம். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நோட்டை எடுத்து, 106ஐ அடித்துவிட்டு, சிவப்பு மையில் 128 என்று எழுதி, சுற்றி வட்டமும் போட்டேன். காசு கட்டி வாங்கிய விடை தப்பாக இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டு மாதம் கழித்துத்தான், பிஐபி (மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம்) வெளியீடு ஒன்றை வேறு எதற்கோ தேடும்போது, 106 கண்ணில் பட்டது. அன்றைக்கு உட்கார்ந்து பழைய டெஸ்ட்டுகளைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்க வயிற்றைக் கலக்கியது.

அதன்பிறகு வந்தவையும் அப்படித்தான். பிரிக்ஸ் அமைப்பில் சேர 2023 ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க் மாநாட்டில் ஆறு நாடுகளை அழைத்தார்கள். அதில் அர்ஜென்டினா அந்த டிசம்பரிலேயே வரவில்லை என்று கடிதம் கொடுத்துவிட்டது. 2024 பிப்ரவரியில் வந்த டெஸ்ட்டில் ‘புதிய உறுப்பு நாடு’ பட்டியலில் அர்ஜென்டினா ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. ராம்சார் தலங்களும், அதாவது சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களும், அதே கதை. 2024 ஜனவரி கடைசியில் ஐந்து இடங்கள் சேர்ந்து இந்தியாவின் எண்ணிக்கை 75லிருந்து 80 ஆனது. ஐந்தில் இரண்டு நம்மூர்: கரைவெட்டிப் பறவைகள் சரணாலயமும் லாங்வுட் சோலைக் காடும். அதோடு தமிழ்நாட்டின் கணக்கு 14லிருந்து 16. மார்ச் மாத டெஸ்ட்டில் விடை 75, தமிழ்நாட்டுக்கு 14. முந்தைய வருடக் கேள்வியை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. நடப்பு நிகழ்வு என்று சொல்லிப் போன வருடத்துச் சரக்கை விற்றிருக்கிறார்கள்.

தமிழில் தருகிறோம் என்றதையும் நம்பித்தான் சேர்ந்தேன். பிரிலிம்ஸ் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும் என்றாலும், மெயின்ஸை (அடுத்த கட்ட எழுத்துத் தேர்வை) தமிழில் எழுதலாம், ஆகவே கலைச்சொல் தமிழில் பழகவேண்டும் என்பது என் கணக்கு. அவர்கள் தந்த தமிழைக் கேளுங்கள்: ‘இரு வீடுகளிலும் ரசீது நிறைவேற்றப்பட்டது.’ எனக்கு அரை நிமிடம் ஆயிற்று. இரு அவைகளிலும் மசோதா நிறைவேறியதாம்! இன்னொரு இடத்தில் கட்சிக் கொறடா (ஆங்கிலத்தில் ‘விப்’) ‘சவுக்கு’ ஆகியிருந்தார். இதைச் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். ஆனால் ‘அல்லாத’, ‘தவிர’ போன்ற சொற்களை இயந்திரம் விழுங்கிவிட்ட கேள்விகளும் உண்டு. அங்கே கேள்வியே தலைகீழாகிவிடும்.

இதையெல்லாம் குழுவில் போட்டேன். முதல் தடவை, ‘நன்றி ப்ரோ, டீமுக்கு ஃபார்வர்ட் பண்ணிட்டோம்’ என்று பதில். இரண்டாவது தடவை பதிலே இல்லை. மூன்றாவது தடவை, தவறான ஒன்பது விடைகளைச் சான்றோடு வரிசையாகப் போட்டேன். அன்று ராத்திரியே அந்தக் குழுவில் அட்மின் மட்டும்தான் எழுதலாம் என்று மாற்றிவிட்டார்கள். நான் போட்டதும் காணோம். போன் செய்தால், சேரும்போது தேன் ஒழுகப் பேசிய அதே பெண் குரல், ‘சார், நான் அட்மிஷன் மட்டும்தான் சார் பாக்கறேன்’ என்றது. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மனம் வரவில்லை, அவருக்கும் மாத டார்கெட் இருக்கும்.

அப்புறம் வந்தது தேர்தல். மக்களவைத் தேர்தலுக்காக பிரிலிம்ஸ் மே 26லிருந்து ஜூன் 16க்குத் தள்ளிப்போனது. என் சந்தாவோ மே 31 வரை. ‘பிரிலிம்ஸ் 2024 வரை’ என்று விளம்பரத்தில் எழுதியிருந்ததைக் காட்டிக் கேட்டேன். ரசீதில் உள்ள தேதிதான் செல்லும் என்றார்கள். நீட்டிக்க 499 ரூபாய். கடைசி இரண்டு வாரம், திருப்புதல் நேரம். கட்டினேன். தெரிந்தே ஏமாந்தது இந்த 499தான், அதனாலோ என்னவோ 6,500ஐ விட இதுதான் இன்றும் அதிகமாக உறுத்துகிறது.

தேர்வு அறையில் நாரி சக்தி கேள்வி வந்தது. எத்தனையாவது திருத்தம் என்று யுபிஎஸ்சி கேட்கவே இல்லை. 18ஆவது மக்களவையிலிருந்தே நடைமுறைக்கு வருமா, 15 ஆண்டு என்பது எந்தக் கணக்கில், பட்டியலினத்தவருக்கான இடங்களுக்குள் அந்தப் பிரிவுப் பெண்களுக்கு ஒதுக்கீடு உண்டா என்று கூற்றுகளாகக் கொடுத்திருந்தார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அதன்பின் தொகுதி மறுவரையறையும் முடிந்தபிறகுதான் நடைமுறைக்கு வரும் என்று சட்டத்தை ஒருதடவை வாசித்தவனுக்குத் தெரிந்திருக்கும். நான் எண்ணை மனப்பாடம் செய்து, அதையும் தப்பாகச் செய்து, பிறகு திருத்தி, என்று அந்த ஒரு விஷயத்தில் மூன்று தடவை நேரம் செலவழித்திருந்தேன். சட்டத்தை வாசிக்கவில்லை. இதில் எனக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பத்து மாதம் தினமும் பத்துக் கேள்வி, எல்லாமே யார், எப்போது, எத்தனை என்றே இருந்தால், மூளையும் அந்தப் பதத்துக்குப் பழகிவிடுகிறது. தாளில் கூற்று கூற்றாக வரும்போது கை நடுங்குகிறது. ஒரு கேள்விக்கு 2 மதிப்பெண், தப்பானால் அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அரைகுறையாகத் தெரிந்ததைத் துணிந்து குறிக்கப் பழக்கியிருந்தது அந்த ஆப். அங்கே மைனஸ் மார்க் கிடையாது!

நான் தேறவில்லை. அதற்கு அவர்கள்தான் காரணம் என்று சொல்லமாட்டேன், பொருளாதாரத்தில் நான் தனியாகவே சொதப்பியிருந்தேன்.

தேர்வு முடிந்த மூன்றாம் நாள் அவர்களுடைய விளம்பரம் வந்தது: ‘100ல் 68 கேள்விகள் நம் டெஸ்ட் சீரிஸிலிருந்து!’ கணக்குப் போட்டுப் பாருங்கள். 68 கேள்வி என்றால் 136 மதிப்பெண். அந்த ஆண்டு பொதுப் பிரிவுக்கே கட்-ஆஃப் 87.98தான். அப்படியானால் அங்கே படித்த நாங்கள் எல்லோரும் தேறியிருக்கவேண்டுமே.

68 எப்படி வந்தது என்று பார்க்க உட்கார்ந்தேன். ‘மித்ர சக்தி 2023’ ராணுவப் பயிற்சி பற்றி ஒரு கேள்வி வந்திருந்தது. அதை ‘அப்படியே நம் டிசம்பர் இதழில், பக்கம் 41’ என்று வட்டம் போட்டுக் காட்டியிருந்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏனென்றால் டெஸ்ட்டோடு அவர்கள் மாதாமாதம் பிடிஎஃப்பாகத் தரும் இதழில் டிசம்பருக்கானதை நான் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் போட்டு, எழுத்தெண்ணிப் படித்திருந்தேன். எடுத்துப் பார்த்தேன். 41ஆம் பக்கத்தில் ஒரே வரி: ‘மித்ர சக்தி – இந்தியா, இலங்கை.’ அவ்வளவுதான். அவர்கள் தளத்திலிருந்து அதே டிசம்பர் இதழைப் புதிதாக இறக்கினேன். இப்போது 41ஆம் பக்கத்தில் கட்டம் கட்டி, பயிற்சி நடந்த புணேயின் அவுந்த், பயங்கரவாத எதிர்ப்பு, விமானப்படையும் கலந்துகொண்டது என்று கேள்வியில் கேட்ட அத்தனையும் வரிசையாக இருந்தன. என் பிரதி 84 பக்கம். புதியது 86 பக்கம். கோப்பின் விவரத்தைத் திறந்தால், கடைசியாக மாற்றிய தேதி 2024 ஜூன் 18. தேர்வு நடந்தது 16ஆம் தேதி.

மற்ற கேள்விகளில் பலவற்றுக்கு இந்த உழைப்புக்கூட இல்லை. கேள்வியில் ஏதோ ஒரு சொல் இருக்கும், அந்தச் சொல் அவர்களுடைய ஆயிரம் பக்கத்தில் எங்கேயோ இருக்கும். அதையும் ஒன்றாக எண்ணிக்கொண்டார்கள்.

1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், தவறான விடைகள், இரண்டு பிடிஎஃப் எல்லாம் வைத்திருந்ததால் பதிவு சுலபமாக முடிந்தது. மூன்று வாரத்தில் நிறுவனத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டு, ‘நல்லெண்ண அடிப்படையில்’ 499ஐத் திருப்பித் தருவதாகச் சொன்னார். வந்தது. 6,500 வரவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கலாம், நாம் கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமும் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும், அவ்வளவே. அடுத்த முயற்சிக்குப் படிப்பதா, வழக்குக்கு அலைவதா என்று யோசித்து விட்டுவிட்டேன். நீங்கள் விடாதீர்கள்.

2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பயிற்சி மையங்களின் விளம்பரத்துக்கென்றே நெறிமுறை கொண்டுவந்திருக்கிறது. தேர்ச்சி பெற்றவர் படத்தைப் போட வேண்டுமானால், அவர் தேர்ச்சி பெற்ற பிறகு எழுத்தில் சம்மதம் வாங்கவேண்டும். என்ன கோர்ஸ், எவ்வளவு காலம், காசு கட்டிப் படித்தாரா என்பதையும் போடவேண்டும். இலவச மாதிரி நேர்காணலுக்கு ஒருநாள் வந்து போனவரை ‘எங்கள் மாணவர்’ என்று போஸ்டர் அடித்த கதைகள் இருக்கின்றன, அதற்காகத்தான் இது. போலி அவசரம் காட்டுவதும் கூடாது. ஆனாலும் போன வாரம் எனக்கு அந்த டெஸ்ட் சீரிஸ்காரர்களின் எண்ணிலிருந்து ‘இன்னும் 3 சீட் மட்டுமே’ என்று செய்தி வந்தது. ஆன்லைன் டெஸ்ட்டுக்கு எதற்கையா சீட்?

சேரத்தான் போகிறீர்கள் என்றால், மாதிரி டெஸ்ட்டைப் பார்த்து மயங்காதீர்கள், அதை மட்டும் நன்றாகத்தான் செய்திருப்பார்கள். ஆறு மாதத்துக்கு முந்தைய ஏதாவது ஒரு டெஸ்ட்டைக் கேளுங்கள். அதில் இடையில் மாறிய விவரம் ஏதாவது இருக்கும்: ராம்சார் எண்ணிக்கை, ஓர் அமைப்பின் உறுப்பு நாடுகள், மசோதா எண்ணா சட்ட எண்ணா என்பது. அந்தத் தேதியில் எது சரியோ அது இருக்கிறதா என்று மூன்றே கேள்வியைப் பிஐபியில் சரிபாருங்கள், தமிழிலும் வெளியீடு வருகிறது. தர மறுத்தால் அங்கேயே விஷயம் முடிந்தது. கூடவே யுபிஎஸ்சி தளத்தில் பழைய வினாத்தாள்கள் இலவசமாகக் கிடக்கின்றன, ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் கேள்வியின் பாணி ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். சேர்ந்துவிட்டால், ஒவ்வொரு மாத இதழையும் வந்த அன்றே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

என் 84 பக்கப் பிரதியும் அவர்களுடைய 86 பக்கப் பிரதியும் பத்திரமாக இருக்கின்றன. சந்தேகப்படுகிறவர்கள் கேளுங்கள், இரண்டு 41ஆம் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.