ஸ்குவாட்டுக்கு எந்த ஷூ: தட்டையா, குதிகால் உயர்ந்ததா?

தோளில் பளுவோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட் பயிற்சிக்கென்று ஷூ வாங்கக் கிளம்புகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது, குதிகால் உயர்ந்ததை வாங்கலாமா, தட்டையானதை வாங்கலாமா என்பதுதான். நல்ல கேள்வி. ஆனால் அது இரண்டாவதாக வர வேண்டிய கேள்வி. தோளில் பளு ஏறும்போது காலடியில் இருப்பது அமுங்குமா, அமுங்காதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். இந்த ஒன்றைக் கேட்டாலே கடை அலமாரியில் பாதிக்கு மேல் கழிந்துவிடும்.

கழிவதில் முதலாவது ரன்னிங் ஷூ. ஜிம்மில் பெரும்பாலோர் காலில் இருப்பதும் அதுதான். அதன் மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. ஓடுவதற்கு அதைவிட நல்ல கருவி கிடையாது. அதன் குதிகால் பகுதியில் ஏறத்தாழ 30 முதல் 40 மில்லிமீட்டர் கனத்துக்கு நுரை இருக்கும். ஒவ்வொரு எட்டிலும் தரை கொடுக்கும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அந்த நுரையின் வேலை. அமுங்கினால்தான் அந்த வேலை நடக்கும். 80 கிலோ எடையுள்ள ஒருவர் 100 கிலோ பாரை, அதாவது எடைத் தட்டுகள் மாட்டிய கம்பியை, தோளில் ஏற்றிக்கொண்டால் 180 கிலோ இரண்டு பாதங்களின் மேல் நிற்கிறது. அப்போது நுரை எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இறங்காது. உட்பக்கம் சற்று அதிகமாக இறங்கினால் கணுக்கால் உள்ளே சாய்கிறது, முழங்காலும் அதன் பின்னாலேயே உள்ளே வருகிறது. எழும்பும்போது தரையை உதைக்க வேண்டிய விசையில் ஒரு பங்கு நுரையை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடுகிறது. மெத்தைமேல் நின்றுகொண்டு பீரோவைத் தூக்க யாராவது முயல்வார்களா?

ரன்னிங் ஷூவிலும் குதிகால் முன்பாதத்தைவிட 8 முதல் 12 மில்லிமீட்டர் உயரமாகத்தானே இருக்கிறது என்று சிலர் வாதிடுவதுண்டு. உண்மைதான். பளு ஏறிய பிறகு அந்த உயரத்தில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று கேட்டால் வாதம் அங்கேயே நின்றுவிடும். வெறும் பாரோடு பழகிக்கொண்டிருப்பவருக்கு இதனால் பெரிய கெடுதல் வந்துவிடாது. எடை கூடக் கூடத்தான் தொல்லை. வேறு ஷூவே இல்லையென்றால், ஜிம்மில் அனுமதித்தால், கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு உட்கார்ந்து எழுவது மேல். விரல்மேல் தட்டு விழுந்துவிடுமே என்ற பயம் நியாயமானது. 20 கிலோ தட்டு விழுந்தால் கேன்வாஸ் ஷூவும் காப்பாற்றாது என்பதும் நியாயமே.

இனி உண்மையான போட்டிக்கு வருவோம். அமுங்காத ஷூக்களுக்குள் இரண்டு கட்சிகள்.

தட்டைக் கட்சி

இதன் பழைய தலைவர் கான்வர்ஸ் நிறுவனத்தின் சக் டெய்லர் ஆல் ஸ்டார். 1917-இல் கூடைப்பந்து ஷூவாக வந்த அதில், இன்று பளு தூக்குகிறவர்கள் தேடும் எல்லாமே தற்செயலாக அமைந்திருக்கிறது: மெல்லிய, கெட்டியான ரப்பர் அடிப்பாகம், குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் இடையில் உயர வித்தியாசம் ஏறக்குறைய இல்லாமை, சறுக்காத பிடிப்பு. ஸ்கேட்போர்டு ஓட்டுபவர்கள் அணியும் தட்டை ஷூக்களும் இதே ரகம். ஒரு எச்சரிக்கை: வசதி கருதி இப்போது இவற்றில் சிலவற்றுக்குள் மெத்தென்ற உள் அட்டை வைத்து விற்கிறார்கள். கட்டைவிரலை உள்ளே விட்டுக் குதிகால் படும் இடத்தில் நன்றாக அழுத்திப் பாருங்கள். புதைந்தால் அந்த அட்டையை உருவி எடுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். ஒட்டியே வந்திருந்தால் வேறு ஜோடி.

இதே கட்சியின் தீவிரப் பிரிவு, வெறுங்கால் ஷூ என்று விற்கப்படுபவை. சில மில்லிமீட்டர் கனமே உள்ள அடிப்பாகமும் விரல்கள் விரிய அகலமான முன்பக்கமும் உள்ளவை. விரல்கள் தரையைப் பற்றிக்கொள்ளும் உணர்வு இவற்றில் நன்றாகக் கிடைக்கிறது. கணுக்கால் நன்றாக மடங்குகிறவருக்கு இவை போதும்.

குதிகால் கட்சி

பளுதூக்கும் ஷூ என்று தனியாகவே விற்கப்படுவது. முற்காலத்தில் மரத்தாலோ அடுக்கிய தோலாலோ குதிகால் வைத்தார்கள். இப்போது பெரும்பாலும் கெட்டிப் பிளாஸ்டிக். நைக்கின் ரோமலியோஸ், அடிடாஸின் அடிபவர் போன்றவற்றில் குதிகால் உயர்வு சுமார் 20 மில்லிமீட்டர். அடிடாஸ் பவர்லிஃப்ட் போன்ற தொடக்க நிலை ஷூக்களில் அதைவிடச் சில மில்லிமீட்டர் குறைவு.

20 மில்லிமீட்டர் என்ன பெரிய உயரம் என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குதிகாலிலிருந்து முன்பாதத்தின் திரண்ட பகுதி வரை சுமார் 18 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 20 மில்லிமீட்டர் உயர்வு பாதத்தை ஏறத்தாழ 6 டிகிரி முன்னோக்கிச் சாய்க்கிறது. கணுக்கால் அதே அளவு மடங்கினாலும் கீழ்க்காலால் 6 டிகிரி கூடுதலாக முன்னே போக முடிகிறது. முழங்கால் முன்னே போவதால் இடுப்பு அவ்வளவு பின்னுக்குத் தள்ளிப்போக வேண்டியதில்லை; இடுப்பு பின்னே போகாததால் மார்பு நிமிர்ந்தே இருக்கிறது. தொடையின் முன்பகுதித் தசைகள் அதிகம் உழைக்கின்றன, இடுப்பும் கீழ்முதுகும் கொஞ்சம் மூச்சு விடுகின்றன. குதிகால் ஷூ செய்யும் மாயமெல்லாம் இவ்வளவே. வலுவை அது கூட்டுவதில்லை, சுமையை இடம் மாற்றுகிறது.

இதனால் அதிகம் பயன் பெறுபவர்கள் இரண்டு வகையினர்: கணுக்கால் சரியாக மடங்காதவர்கள், உடலின் மற்ற அளவுகளோடு ஒப்பிட்டால் தொடை எலும்பு நீளமானவர்கள். இரண்டாவது வகையினர் எவ்வளவு பயிற்சி செய்தாலும் ஆழமாக உட்காரும்போது முன்னால் குனிந்தே தீர வேண்டியிருக்கும். அவர்களைப் பார்த்து "மார்பை நிமிர்த்து" என்று கத்தும் பயிற்சியாளர்கள் எலும்பின் நீளத்தோடு சண்டை போடுகிறார்கள். அந்த இடத்தில் கத்தலைவிடக் குதிகால் பயன்படும்.

நீங்கள் எந்த வகை என்று பார்க்கச் சுவர் ஒன்று போதும். வெறுங்காலோடு சுவரைப் பார்த்து ஒற்றை முழங்காலில் மண்டியிட்டு, முன்னால் ஊன்றிய காலின் பெருவிரலைச் சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலைச் சுவரில் தொட முடிகிறதா? 10, 12 சென்டிமீட்டரில் தொட முடிந்தால் உங்கள் ஸ்குவாட்டுக்குக் கணுக்கால் தடையில்லை. 5, 6 சென்டிமீட்டரிலேயே குதிகால் கிளம்புகிறதென்றால் தடை அங்கேதான் இருக்கிறது. அப்போது எந்த இடத்தில் இறுக்கம் தெரிகிறது என்றும் கவனிக்க வேண்டும். பின்னால் கெண்டைக்காலில் இழுத்தால், பொறுமையாக நீட்டிப் பழகினால் மாதக்கணக்கில் முன்னேற்றம் கிடைக்கும். கணுக்காலின் முன்பக்கம் எதுவோ இடிப்பதுபோல் இருந்தால் பெரும்பாலும் அது மூட்டின் அமைப்பு சார்ந்தது. நீட்டுவதால் அவ்வளவாக மாறாது. அப்படிப்பட்டவருக்கு உயர்ந்த குதிகால் ஷூ ஆடம்பரச் செலவாகாது.

இன்னொரு சோதனை: குறைந்த எடையோடு, குதிகால்களுக்கடியில் சிறிய தட்டு ஒன்றை வைத்து உட்கார்ந்து பாருங்கள். திடீரென்று ஆழம் கூடி முதுகு நிமிர்கிறதென்றால் ஷூ பலன் தரும். வித்தியாசமே தெரியவில்லையென்றால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம். இது சோதனைக்கு மட்டும். தட்டுமேல் நின்று கனமாகத் தூக்குவது வேண்டாம். குதிகால் தட்டிலும் நடுப்பாதம் காற்றிலுமாக இருக்கும் நிலையில் பாதத்துக்குப் பிடிமானம் கிடையாது. ஷூவுக்குள் போடும் குதிகால் அட்டைகளையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மிருதுவானவை மறுபடியும் நுரைக் கதைதான். கெட்டியானவை குதிகாலை ஷூவின் பிடியிலிருந்தே மேலே கிளப்பிவிடுகின்றன.

எந்தப் பயிற்சி என்பதுதான் தீர்ப்பு

பார் கழுத்துக்குக் கீழே தோளின் மேல் அமரும் ஸ்குவாட்டிலும், பாரை முன்தோளில் தாங்கும் ஃபிரண்ட் ஸ்குவாட்டிலும் உடல் நிமிர்ந்திருக்க வேண்டும். அங்கே குதிகால் ஷூவுக்கே என் ஓட்டு. பாரைச் சற்று கீழிறக்கிப் பின்தோள் தசையில் தாங்கும் லோ பார் ஸ்குவாட்டில் உடல் எப்படியும் முன்னே சாயும், இடுப்பு பின்னே போகும், கீழ்க்கால் அவ்வளவாக முன்னே வராது. ஆகவே குதிகாலின் பயன் குறைகிறது. கால்களை அகலமாக வைப்பவர்கள் தட்டையை விரும்புவதற்குக் காரணம் இதுதான். ஆனாலும் லோ பாரிலும் குதிகால் ஷூவோடு தூக்கும் பவர்லிஃப்டிங் வீரர்கள் ஏராளம். இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. முழங்காலில் அடிக்கடி உறுத்தல் வருகிறவர் தட்டையிலும், முதுகு முந்திக்கொண்டு களைத்துப்போகிறவர் குதிகாலிலும் முயன்று பார்க்கலாம்.

பாரைத் தலைக்கு மேலே தூக்கும் ஒலிம்பிக் முறைகளான ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் செய்கிறவருக்கு விவாதமே இல்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கோடு பிரஸ் என்ற மூன்றாவது தூக்குமுறை நீக்கப்பட்டு இந்த இரண்டும் மட்டுமே எஞ்சின. ஸ்னாட்சிலும் கிளீனிலும் ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னுமாகப் பிரித்து பாரை வாங்கும் பழைய பாணியும் வழக்கொழிந்து, இன்று ஏறக்குறைய எல்லோரும் ஆழமான ஸ்குவாட்டில்தான் பாரை வாங்குகிறார்கள். தலைக்கு மேலே கைநீட்டிய நிலையில் பார் இருக்கும்போது உடல் சில டிகிரி முன்னே சாய்ந்தாலும் பார் கையை விட்டுப் போய்விடும். அந்த 6 டிகிரியின் அருமை அங்கே தெரியும்.

தரையில் கிடக்கும் பாரைத் தூக்கி நிமிர்ந்து நிற்கும் டெட்லிஃப்டில் எல்லாம் தலைகீழ். குதிகால் உயர்ந்தால் உடலும் உயர்கிறது, பாரைத் தூக்க வேண்டிய தூரமும் கூடுகிறது. உடல் எடை விரல்களை நோக்கி நழுவுகிறது. குதிகால் ஷூவோடு டெட்லிஃப்ட் செய்பவரைப் பார்த்தால் நான் தலையிட மாட்டேன், ஆனால் காரணம் கேட்பேன். தட்டை ஷூவோ டெட்லிஃப்டுக்கென்றே வரும் மெல்லிய செருப்பு வகையோ போதும். கால்களை அகல விரித்துச் செய்யும் சூமோ முறையில் பாதங்கள் தரையைப் பக்கவாட்டிலும் தள்ளுவதால், அடிப்பாகத்தின் பிடிப்பையும் பார்த்து வாங்க வேண்டும்.

கிராஸ் டிரெயினிங் ஷூக்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நைக்கின் மெட்கான் இந்த வகை. குதிகால் வித்தியாசம் சுமார் 4 மில்லிமீட்டர். ரன்னிங் ஷூவைவிடக் கெட்டி, பளுதூக்கும் ஷூவைவிட மிருது. ஒரே வகுப்பில் குதிக்கவும் ஓடவும் கயிறேறவும் ஸ்குவாட் செய்யவும் வேண்டியவருக்கு இதைவிட்டால் வழியில்லை. ஸ்குவாட் எடையை மட்டும் ஏற்றிக்கொண்டே போகிறவருக்கு இதை வாங்கச் சொல்ல என்னிடம் காரணம் இல்லை.

ஒரே ஜோடிதான் வாங்க முடியும், ஸ்குவாட்டும் டெட்லிஃப்டும் இரண்டும் செய்கிறேன் என்பவருக்கு என் பதில் தட்டை ஷூ. சுவர்ச் சோதனையில் தோற்றவருக்கும் ஒலிம்பிக் தூக்குமுறை பழகுகிறவருக்கும் மட்டும் இந்தப் பதில் மாறும். அவர்கள் குதிகால் ஷூவை வாங்கிவிட்டு, டெட்லிஃப்ட் வரும்போது ஷூவைக் கழற்றிக்கொள்ளலாம். பவர்லிஃப்டிங் போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் ஒரு விதி: சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பின் மேடையில் வெறும் காலுறையோடு தூக்க முடியாது. வெறுங்காலில் பழகியவர்கள் மெல்லிய செருப்பு வகையைப் போட்டிக்கு முன்பே பழகிக்கொள்வது நல்லது.

அளவு பார்க்கும்போது ரன்னிங் ஷூ வாங்கிய பழக்கத்தை மறக்க வேண்டும். விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் இடம் விடுவது ஓடுகிறவருக்கான கணக்கு. பளுதூக்கும் ஷூவில் விரல்கள் நசுங்கவும் கூடாது, பாதம் உள்ளே நகரவும் கூடாது. நடுப்பாதத்தின் மேல் வரும் பட்டையை இறுக்கியபின் குதிகாலைத் தூக்கிப் பாருங்கள். ஷூ கூடவே வர வேண்டும். பட்டையை இறுக்கினால்தான் பாதம் நிற்கிறது என்றால் அளவு பெரிது. சாலையில் அணிந்து நடக்காமல் ஜிம்முக்குள் மட்டும் பயன்படுத்தினால் இந்த ஷூ பல ஆண்டுகள் உழைக்கும். நுரைபோல் கெட்டிக் குதிகால் அமுங்கிச் சாவதில்லை என்பதால், இன்னொருவர் பயன்படுத்தியதை வாங்குவதிலும் தவறில்லை. அப்படி வாங்கும்போது முன்பாதத்தை நன்றாக வளைத்துப் பாருங்கள். பசை விட்டிருந்தால் அடிப்பாகம் வாய் பிளப்பது அங்கேதான் முதலில் தெரியும்.