இளஞ்சிவப்புத் தூள்: என்டோலோமாவா, புளூட்டியஸா?

காளானின் குடையை மட்டும் அறுத்து, செவுள் பக்கம் (குடைக்கு அடியில் மெல்லிய தகடுகள் வரிசையாக இருக்கும் பக்கம்) கீழே இருக்கும்படி வெள்ளைத் தாளில் வைத்துக் கிண்ணத்தால் மூடிவிடுங்கள். மறுநாள் தாளில் இளஞ்சிவப்புத் தூள் கோடு கோடாகப் படிந்திருந்தால், அநேகமாக அது என்டோலோமா அல்லது புளூட்டியஸ் பேரினமாக இருக்கும். வால்வேரியெல்லா என்ற பேரினத்தின் தூளும் இதே நிறம்தான். ஆனால் காம்பின் அடியில் பை போன்ற உறை இருப்பதால் அதை எளிதில் பிரித்துவிடலாம்.

சரி, மற்ற இரண்டையும் எப்படிப் பிரிப்பது? குடையையும் காம்பையும் சேர்த்து நெடுக்காகப் பிளந்து பாருங்கள். புளூட்டியஸின் செவுள்கள் காம்பைத் தொடாமல் சற்றுத் தள்ளியே நின்றுவிடும். என்டோலோமாவில் அவை காம்போடு ஒட்டியிருக்கும். முற்றிய காளானில் ஒட்டிய செவுளும் பிய்ந்து விலகியிருக்கலாம் என்பதால், இளசு ஒன்றையும் பிளந்து பார்ப்பது நல்லது.

வளரும் இடத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை. புளூட்டியஸ் மட்கும் மரத்தில் வளரும், என்டோலோமா பெரும்பாலும் மண்ணில் முளைக்கும் என்பது உண்மைதான். ஆனால் மரத்துண்டு மண்ணுக்குள் புதைந்திருந்தால் புளூட்டியஸும் மண்ணில் முளைத்ததுபோலவே நிற்கும்.

நுண்ணோக்கி இருந்தால் சந்தேகமே வராது. தாளில் படிந்த தூளின் ஒவ்வொரு துகளும் ஒரு ஸ்போர், அதாவது காளானின் வித்து. புளூட்டியஸின் ஸ்போர் வழவழப்பாக, முட்டை வடிவில் இருக்கும். என்டோலோமாவின் ஸ்போரோ எந்தப் பக்கம் திருப்பினாலும் பட்டை தீட்டிய கல்லைப்போல மூலை மூலையாகத் தெரியும். முதல்முறை பார்த்தவர்கள் அதை மறக்கவே மாட்டார்கள்.

வாழ்க்கை முறையில் என்டோலோமா பக்கம்தான் சுவாரசியம் அதிகம். புளூட்டியஸில் சில நூறு இனங்கள். மரத்தை மட்கவைப்பதே அவற்றின் வேலை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட என்டோலோமாவில் பெரும்பாலானவை மட்குண்ணிகள். என்டோலோமா கிளிப்பியேட்டம் ரோஜாக் குடும்பத்து மரங்களின் வேர்களோடு உறவு வைத்திருக்கிறது. என்டோலோமா அபார்ட்டிவம் இன்னொரு காளானையே தாக்குகிறது. அது இருக்கும் இடத்தில் ஆர்மில்லாரியா காளான்கள் உருக்குலைந்து வெள்ளை உருண்டைகளாகக் கிடக்கும். ஆர்மில்லாரியாதான் என்டோலோமாவைக் கெடுக்கிறது என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். உண்மை நேர்மாறானது என்று 2001-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

அப்புறம், சாப்பாட்டு விஷயம். புளூட்டியஸ் செர்வைனஸ் உண்ணத்தக்கது. என்டோலோமா சைனுவேட்டமோ கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நச்சுக்காளான். இளசாக இருக்கும்போது அதன் செவுள்கள் மஞ்சள் சாயலில் இருப்பதால் இளஞ்சிவப்பு கண்ணில் படாது. உண்ணத்தக்க வேறு காளான் என்று நினைத்துப் பறித்தவர்கள் உண்டு. தாளில் இளஞ்சிவப்புத் தூள், காம்போடு ஒட்டிய செவுள் இரண்டும் சேர்ந்து தெரிந்தால், நான் அதைச் சமையலறைக்குள் கொண்டுபோகவே மாட்டேன்.