கரண்ட் திரும்பி வரும் நொடி: கொல்லை மோட்டாரில் போட்ட ஸ்மார்ட் பிளக்

தஞ்சாவூர் நண்பர் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார். “நீங்க மோட்டாருக்குப் போட்டிருக்கீங்கள்ல, அந்த ஸ்மார்ட் பிளக், விலை நல்லா இறங்கியிருக்கு. அம்மா வீட்டுக்கு ஒண்ணு வாங்கிப் போட்டுடவா?” வாங்குங்கள் என்றும் சொல்ல வரவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல வரவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன். இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் ஆகட்டும் என்று எல்லோருக்கும் பொதுவாகவே எழுதுகிறேன்.

சுவர் பிளக்குக்கும் மோட்டாருக்கும் நடுவில் செருகி, போனிலிருந்தே போட்டு அணைக்கும் சாமான் இது. 16 ஆம்பியர், வைஃபை, ஆப்பில் டைமர், எத்தனை வாட் ஓடுகிறது என்று காட்டும் வசதி. இதெல்லாம் பெட்டியின் மேலேயே அச்சடித்திருக்கும். பெட்டியில் போடாத ஒன்றைத்தான் சொல்ல வேண்டும்: கரண்ட் போய்த் திரும்பி வரும் அந்த நொடி. இந்தச் சாமான் ஓடக் கூடாத நேரத்தில் ஓடியது, ஓட வேண்டிய நேரத்தில் சும்மா இருந்தது என்று நான் நோண்டிப் பார்த்த முக்கால்வாசிக் கோளாறும் கடைசியில் அங்கேதான் போய் நின்றது.

எங்கள் வீடு திருவிடைமருதூர் பக்கம். திண்ணையில் தொடங்கி ரேழி, கூடம், முற்றம், அடுக்களை என்று நீண்டு கொல்லையில் முடியும் பழைய வீடு. மோட்டார் கொல்லைக் கடைசியில். அம்மாவுக்கு மூட்டு வலி. அடைமழை நாளில் இருட்டோடு எழுந்து, சேற்றில் கால் வைத்து, பூச்சி பொட்டு பயத்தோடு போய் மோட்டார் போட்டு, தொட்டி நிரம்பியதும் மறுபடி போய் நிறுத்த வேண்டும். அந்த நடை மிச்சம் ஆயிற்று. அதற்காகவே இந்தச் சாமானுக்கு நன்றி சொல்லலாம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். காலை 5 மணிக்கு மோட்டார் தானாக ஓடும், 25 நிமிடத்தில் தானாக நிற்கும் என்று ஆப்பில் வைத்திருந்தேன். வெயில் காலம் முழுக்க ஒரு குறையும் இல்லை. ஐப்பசி வந்தது. ஒரு நாள் 5 மணிக்கு மோட்டார் ஓடத் தொடங்கி, தொட்டி பாதி நிரம்புவதற்குள் கரண்ட் போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து வந்தது. பிளக், தான் கடைசியாக ஆனில் இருந்ததை நினைவில் வைத்திருந்து, வந்த கரண்டை அப்படியே மோட்டாருக்குக் கொடுத்துவிட்டது. 25 நிமிடக் கணக்கை மட்டும் மறந்துவிட்டது. தொட்டி நிரம்பி, மாடியிலிருந்து முற்றத்தில் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. அம்மா போர்வையை இழுத்து மூடிப் படுத்திருக்கிறார். “மழைதான் பெய்யுதுன்னு நெனச்சேன்டா. விடிஞ்சு பாத்தா வானம் வெளுத்துக் கெடக்கு, முத்தத்துல மட்டும் கொட்டுது” என்றார்.

வாடிக்கையாளர் சேவைக்குக் கூப்பிட்டேன். நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு, “வைஃபை சிக்னல் சரியா இருக்கான்னு பாருங்க சார்” என்றார்கள். வைஃபைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பிளக்கின் அமைப்புப் பக்கத்தில், ஒன்றுக்குள் ஒன்றாகத் திறந்துகொண்டே போனால், கரண்ட் வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கேள்வி இருக்கிறது. ஆன், ஆஃப், முந்தைய நிலை என்று மூன்று பதில். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே முந்தைய நிலையில் வைத்து அனுப்புகிறார்கள். மேஜை விளக்குக்கு அது சரி. மோட்டாருக்கு அதுதான் வினை. அதை ஆஃபுக்கு மாற்றிய அன்றோடு அந்தக் கோளாறு நின்றது.

எனக்குக் கோபம் வருவது எங்கே என்றால், இது நம் ஊரில் யாருக்கும் புதிய விஷயமே இல்லை. வயலில் மோட்டார் கொட்டகைக்குள் பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் வைத்த இரும்பு ஸ்டார்ட்டர் இருக்கிறதே, அதன் உள்ளே ஒரு காயில் உண்டு. கரண்ட் இருக்கிற வரைக்கும்தான் அது தகட்டைப் பிடித்து வைத்திருக்கும். கரண்ட் போனால் விட்டுவிடும். திரும்பி வந்தாலும், ஒரு ஆள் பச்சையை அமுக்கினால்தான் மோட்டார் ஓடும். த்ரீ ஃபேஸ் வந்ததும் தானாக ஓடட்டும் என்று நினைக்கிறவர்கள் தெரிந்தே தனியாக ஆட்டோ சுவிட்ச் வாங்கி மாட்டுவார்கள். அப்படி மாட்டிய கொட்டகையில் ஃபியூஸைப் பிடுங்காமல் யாரும் மோட்டாரில் கை வைக்க மாட்டார்கள். பழைய ஸ்டார்ட்டர் சும்மா இருக்கத் தெரிந்த சாமான். எப்போது ஓட வேண்டும் என்பதை அது ஆளிடம் விட்டிருந்தது. ஸ்மார்ட் என்று பெயர் வைத்துக்கொண்டு வந்த பிளக்குக்கு அந்த அடிப்படைப் புத்தியைக் கொடுக்காமல் அனுப்பியதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஓடாமல் போன நாட்களுக்கும் இதே கதைதான். இந்தப் பிளக்குக்குள் தனியாக பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. இணையத்தில் கேட்டுத்தான் மணி தெரிந்துகொள்கிறது. விடியற்காலை கரண்ட் போய் வந்தால் பிளக் உடனே விழித்துக்கொள்ளும். ஆனால் ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் எழுந்து நிற்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். கேபிள்காரர் பக்கத்திலும் கரண்ட் இல்லையென்றால் இன்னும் நேரமாகும். அதற்குள் 5 மணி கடந்துபோனால் அன்றைக்கு மோட்டார் இல்லை. தவறவிட்ட வேலையை அது திரும்பச் செய்வதும் இல்லை. ரவுட்டருக்கென்று 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது, அதை வாங்கி ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்துக் கொடுத்த பிறகு பாதிப் பிரச்சனை தீர்ந்தது. இன்வெர்ட்டரில் ரவுட்டரை வைத்திருக்கிறவர்கள், கரண்ட் மாறும்போது அது ஒரு தரம் அணைந்து எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் இன்வெர்ட்டரில் யூபிஎஸ் மோடுக்கு மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா என்று தேடுங்கள், பல இன்வெர்ட்டர்களில் பின்பக்கம் இருக்கும்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க நான் பழகிக்கொண்ட வழி ஒன்று சொல்கிறேன். எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஆப்பில் இயக்கப் பதிவைத் திறந்து நேரத்தைப் பாருங்கள். மோட்டார் ஆன் ஆன நிமிடத்திலேயே ரேழி பல்பு, கூடத்து சுவிட்ச் எல்லாம் சேர்ந்து ஆன்லைன் வந்ததாகக் காட்டினால், அது கரண்ட் வந்த நேரம். யாரும் போடவில்லை, எந்த டைமரும் போடவில்லை. அது மட்டும் தனியாக ஆன் ஆகியிருந்தால் டைமர், குரல் கட்டளை, வேறொருவர் போனில் இருக்கும் ஆப் என்று ஒவ்வொன்றாகத் தேடலாம். இதைப் பார்க்காமல் பிளக்கை அழித்து முதலிலிருந்து சேர்ப்பது வெட்டி வேலை.

பல்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்மார்ட் பல்புகள் பலவற்றில், சுவிட்சை மூன்று நான்கு தரம் தொடர்ந்து போட்டு அணைத்தால் பழைய வைஃபையை மறந்து புதிதாகச் சேரத் தயாராகிவிடும். அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். காற்றும் மழையுமாக இருக்கிற ராத்திரியில் கரண்ட் வந்து போய், வந்து போய் விளையாடுமே, பல்பு அதைக் கட்டளை என்று எடுத்துக்கொள்கிறது. ரேழியில் விடிய விடிய மினுக் மினுக் என்று அடித்துக்கொண்டிருந்தது. அம்மா ஏணி போட்டுக் கழற்றவா முடியும்? சுவிட்சை அணைத்துவிட்டு இருட்டிலேயே நடந்திருக்கிறார். அந்தப் பல்பைத் தூக்கிவிட்டுச் சாதா பல்பு போட்டு, சுவிட்ச் பெட்டிக்குள் ஸ்மார்ட் ரிலே, அதாவது போனிலிருந்து இயக்கும் சின்ன சுவிட்ச், வைத்தேன். அதற்குப் பெரும்பாலும் நியூட்ரல் ஒயர் வேண்டும். பழைய வீட்டு சுவிட்ச் பெட்டிகளில் பெரும்பாலும் அது இருக்காது, அதை இழுக்க ஒரு நாள் வேலை ஆகும். ஆனாலும் அதுதான் சரி. கையால் போடும் சுவிட்சும் எப்போதும்போல் வேலை செய்கிறது.

இவ்வளவு புலம்பலுக்கு நடுவிலும் எனக்கு உண்மையாகவே பிடித்துப்போனது அந்த வாட் எண். வாங்கும்போது அதை நான் பொருட்படுத்தவே இல்லை. மோட்டார் நன்றாகத் தண்ணீர் எடுத்து ஓடும்போது 900 வாட் பக்கம் காட்டும். உறிஞ்சும் குழாயில் காற்று ஏறி, தண்ணீர் எடுக்காமல் வெறுமனே சுற்றினால் எண் இறங்கிவிடும். குறுவைக்கு ஊரில் எல்லா பம்புசெட்டும் ஓடி வோல்டேஜ் குறைந்து மோட்டார் சுற்ற முடியாமல் முனகிக்கொண்டு நின்றால் ஆம்பியர் ஏறிவிடும். மோட்டார் என்ன நிலையில் இருக்கிறது என்று கொல்லைக்குப் போய்ச் சத்தம் கேட்டுச் சொல்லும் காதை அந்த எண் எனக்குக் கொடுத்தது. வெளியூரில் இருந்துகொண்டே, “அம்மா, தண்ணி ஏறல, மோட்டார நிறுத்திட்டேன், எலக்ட்ரீஷியன் தம்பிய வரச் சொல்லு” என்று சொல்ல முடிந்தது. காயில் புகைந்து ரீவைண்டிங் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் செலவை இது தடுத்திருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

அந்தச் சந்தோஷத்தையும் பிளக் முழுசாக விட்டு வைக்கவில்லை. ஒரு நாள் ஆப்பில் ஆஃப் என்று காட்டுகிறது, வாட் மட்டும் இறங்கவே இல்லை. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. எலக்ட்ரீஷியன் தம்பி வந்து பிளக்கைத் தட்டினார். உள்ளே டக் என்று ஒரு சத்தம், மோட்டார் நின்றது. பிளக்குக்குள் கரண்டைச் சேர்த்து அறுக்கும் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிளக்கில் போட்டிருக்கும் 16 ஆம்பியர் என்பது ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி மாதிரியான லோடுக்கான கணக்கு. மோட்டார் ஓடும்போது ஐந்தாறு ஆம்பியர்தான் எடுக்கும், ஆனால் கிளம்பும் நொடியில் அதைப் போல் ஐந்து ஆறு மடங்கு இழுக்கும். தினமும் அந்த அடி விழுந்தால் சின்ன ரிலே எவ்வளவு நாள் தாங்கும்? “சார், இத நேரா மோட்டாருக்குக் குடுக்காதீங்க. நடுவுல ஒரு காண்டாக்டர் போட்டுடறேன். பிளக்கு காண்டாக்டர இழுக்கட்டும், காண்டாக்டர் மோட்டார இழுக்கட்டும்” என்றார். காண்டாக்டர் என்பது மோட்டார் இழுப்பைத் தாங்கும் பெரிய ரிலே. அப்படியே செய்தோம், அதற்குப் பிறகு ஒட்டவில்லை. ஆனால் பிளக் வழியாக இப்போது காண்டாக்டர் காயிலின் சில வாட் மட்டும்தான் போகிறது. எனக்குப் பிடித்த அந்த எண் போய்விட்டது. அதைத் திரும்பப் பெற, மோட்டார் ஒயரைச் சுற்றி வளையம் மாட்டி அளக்கும் தனி மீட்டர் ஒன்று வாங்க வேண்டியிருந்தது. மலிவாகக் கிடைத்த பிளக்கின் மேல் காண்டாக்டர், மீட்டர், ரவுட்டர் யூபிஎஸ், ஒயரிங் கூலி. விலை குறைந்திருக்கிறது என்று சொல்கிறவர்கள் இதையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, கம்பெனி ஆப்பை விட்டுவிட்டு, வீட்டில் கிடந்த பழைய லேப்டாப்பில் ஹோம் அசிஸ்டன்ட் போட்டு எல்லாவற்றையும் அதற்குள் கொண்டுவந்தேன். ஸ்மார்ட் சாமான்களை ஒரே இடத்திலிருந்து இயக்கும், காசு வாங்காத மென்பொருள், இணையம் இல்லாவிட்டாலும் வீட்டுக்குள்ளேயே ஓடும். லேப்டாப்பில் பேட்டரி இருப்பதால் கரண்ட் போனாலும் விழாது. பேட்டரி அறவே போன லேப்டாப்பை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். இதில் ஒவ்வொரு தானியங்கி விதியும் எது தூண்டியது, எந்த நிபந்தனையில் நின்றது என்று படிப்படியாகத் திறந்து பார்க்கலாம். ஆப்பில் எனக்குக் கிடைக்காத பதில்கள் அங்கே கிடைத்தன. அங்கேயும் அதே நொடியிடம் ஜாக்கிரதை வேண்டும். சுவிட்ச் ஆன் ஆனால் இதைச் செய் என்று மட்டும் விதி எழுதினால், கரண்ட் போய் தொடர்பு அறுந்திருந்த சுவிட்ச் திரும்பி வந்து ஆன் என்று சொல்வதையும் அது ஆன் ஆனதாகவே எடுத்துக்கொள்ளும். ஆஃபிலிருந்து ஆனுக்குப் போனால் என்று இரண்டையும் எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. இத்தனை நிமிடம் காத்திருந்து அணை என்று எழுதியதும் நடுவில் மென்பொருள் மறுதொடக்கம் ஆனால் போய்விடும். அதனால் மோட்டாரை நிறுத்தும் கணக்கு ஒன்று பிளக்குக்குள்ளேயும் இருக்கட்டும், ஹோம் அசிஸ்டன்டிலும் இருக்கட்டும்.

இப்போது எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. போன மழைக்காலம் முழுவதும் முற்றத்தில் வானத்துத் தண்ணீர் மட்டும்தான் விழுந்தது. அம்மா போனில் மோட்டாரைப் போட்டு, எண்ணைப் பார்த்து, தண்ணீர் ஏறுகிறதா என்று அவரே சொல்கிறார். இன்றைக்கு அதைக் கழற்றுகிறேன் என்றால் அவர் சம்மதிக்க மாட்டார்.

ஆனாலும் நண்பருக்கு என் பதில், இந்தப் பிளக்கை வாங்காதீர்கள் என்பதுதான். அவருடைய அம்மா தனியாக இருக்கிறார், நினைத்த நேரத்தில் வந்து நோண்டிப் பார்க்க அங்கே ஆள் இல்லை. வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு விற்கும் சாமானில் மோட்டாரைத் தானாக ஓட விடும் அமைப்பை வைத்து அனுப்பிவிட்டு, கேட்டால் வைஃபையைப் பார் என்று சொல்லும் கம்பெனிக்கு, விலை பாதியானாலும் இன்னொரு பிளக்குக்குக் காசு கொடுக்க எனக்கு மனசில்லை. வேறு கம்பெனியுடையது பார்க்கிறீர்கள் என்றால் கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள், அதற்கு ஆப்கூட வேண்டாம். புதுப் பிளக்கைச் செருகி, அதில் ஒரு டேபிள் ஃபேனை மாட்டி, பிளக்கின் மேல் இருக்கும் பொத்தானை அமுக்கி ஓட விடுங்கள். சுவர் சுவிட்சை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போடுங்கள். ஃபேன் தானாகச் சுற்றினால் அதை மோட்டாருக்கு வாங்க வேண்டாம்.