மூன்று டிஸ்க் நான்கான கதை: எம்டிஏடிஎம் பற்றி

பறவைக் குரல்களைப் பதிவு செய்வது என் பழக்கம். எல்லாம் சுருக்காத வேவ் கோப்புகள். ஒரு விடியற்காலைக்கே பல ஜிபி போய்விடும். பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு, 4 டிபி டிஸ்க் மூன்றை ரெய்ட் 5 ஆகக் கட்டி வைத்திருந்தேன், அதாவது மூன்றும் ஒரே டிஸ்க் போல இயங்கும், ஒன்று கெட்டாலும் தரவு தப்பும். ஒரு டிஸ்க் அளவு பாரிட்டிக்கு (கெட்ட டிஸ்க்கின் தரவை மீட்டெடுக்க உதவும் கணக்கு) போக 8 டிபி கையில் நிற்கும். அது 94 சதவீதம் நிரம்பியதும் நான்காவது டிஸ்க் வாங்கினேன். அதைச் சேர்த்துக் கொடுத்தது எம்டிஏடிஎம், லினக்ஸில் ரெய்டைப் பார்த்துக்கொள்ளும் இலவசக் கருவி.

அழகான திரையெல்லாம் கிடையாது, டெர்மினல்தான். 'ஆட்' என்றால் புது டிஸ்க் உதிரியாகப் போய் உட்காரும். 'குரோ' சொல்லி, டிஸ்க் எண்ணிக்கை நான்கு என்று கொடுத்தால்தான் உண்மையான வேலை தொடங்கும். முதல் கட்டளையோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்து நான் காபி குடிக்கப் போனது தனிக் கதை.

குரோ கொடுக்கும் முன் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், 'செக்' ஓட்டி எல்லா டிஸ்க்கையும் முழுக்கப் படிக்க வைத்தது. பழைய டிஸ்க் ஒன்று திணறியது. படிக்க முடியாத செக்டர்கள். இங்கே 'ரீப்ளேஸ்' வசதிக்கு முழு மதிப்பெண் தருவேன். கெட்ட டிஸ்க்கைப் பிடுங்கி எறியாமல், அது வேலை செய்துகொண்டிருக்கும்போதே புதியதற்கு நகல் எடுத்துவிட்டு மெல்ல ஓரம் கட்டுகிறது. ஆனால் இடத்துக்காக வாங்கிய டிஸ்க் பழுதுக்குப் போய்விட்டது. இன்னொன்று வாங்கினேன்.

அப்புறம்தான் குரோ. 31 மணி நேரம்! முன்பு ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு பங்கு தரவு, ஒரு பங்கு பாரிட்டி. இப்போது மூன்றுக்கு ஒன்று. ஆகவே எல்லாவற்றையும் படித்து, பாரிட்டியைப் புதிதாகக் கணக்கிட்டு, மறுபடி எழுத வேண்டும். சராசரியாக நொடிக்கு 36 எம்பிதான் நகர்ந்தது. ஸ்டிரைப் கேஷை (இந்த வேலைக்கு ஒதுக்கும் தற்காலிக நினைவகம்) 256லிருந்து 4096 ஆக்கியதும் கொஞ்சம் சுறுசுறுப்பு வந்தது. அதற்கு 64 எம்பி ராம் பிடிக்கும், பரவாயில்லை. பாதி வழியில் மின்சாரம் போனது. வயிற்றில் புளியைக் கரைத்தது. கணினியைத் திரும்பப் போட்டால், விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்துகொண்டிருக்கிறது. அதுவரை கருவியின் மேல் இருந்த எரிச்சல் அங்கேயே போனது.

எல்லாம் முடிந்து பார்த்தால் மொத்த இடம் பழைய 7.3 தான். (8 டிபியை லினக்ஸ் 1024 கணக்கில் அப்படித்தான் காட்டும்.) டிஸ்க் அடுக்கு வளர்ந்தாலும் அதன் மேல் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறை தானாக வளராது, ரீசைஸ்2எஃப்எஸ் என்ற கட்டளையை ஓட்ட வேண்டும். மவுண்ட் ஆகி, பயன்பாட்டில் இருக்கும்போதே சில நிமிடங்களில் முடிந்தது. இதைக் குரோ முடிந்ததும் ஒரு வரியில் சொன்னால் குறைந்தா போய்விடும்? இன்னொரு குறை, கட்டளை கொடுக்கும் முன் எத்தனை மணி நேரம் ஆகும் என்று ஒரு தோராயம்கூடச் சொல்வதில்லை. தொடங்கிய பிறகுதான் மிச்ச நிமிடங்களைக் காட்டுகிறது, அதுவும் ஏறி இறங்கும்.

டெர்மினலுக்குப் பயப்படாதவர்களுக்கு ஐந்துக்கு நாலரை. முக்கியமான கோப்புகளை வேறோர் இடத்தில் நகல் எடுக்காமல் தொடங்குகிறவர்களுக்கு நான் எதையும் சிபாரிசு செய்யமாட்டேன்.

இப்போது 63 சதவீதத்தில் நிற்கிறது. பழைய டிஸ்க் இன்னும் இரண்டு உள்ளே இருக்கின்றன, இறந்ததற்கும் இவற்றுக்கும் ஒரே வயது. ஐந்தாவது டிஸ்க் வாங்கினால் அது இடத்துக்கு இல்லை, இரண்டு டிஸ்க் கெட்டாலும் தாங்கும் ரெய்ட் 6க்கு மாற.