தோள்பட்டையோடு ஊருக்குப் போய் வந்த கதை

முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் ஒரு கொக்கி மாட்ட முடியவில்லை. அன்றைக்குத்தான் டாக்டரிடம் போனேன். டொரண்டோவில் எங்கள் குடும்ப மருத்துவர் கையை அப்படியும் இப்படியும் அசைத்துப் பார்த்துவிட்டு, ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்றார். தோள் மூட்டைச் சுற்றியிருக்கும் உறை வீங்கித் தடித்துச் சுருங்கிக்கொள்ளுமாம். நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் அதிகம் வரும் என்றார். எனக்கு இரண்டும் பொருந்தும். முதலில் வலி கூடும், அப்புறம் இறுகும், கடைசியில் தானாக இளகும், எல்லாம் சேர்த்து ஒன்றிலிருந்து மூன்று வருஷம் ஆகலாம் என்றார். மூன்று வருஷமா!

ஊருக்கு டிக்கெட் ஏற்கெனவே போட்டிருந்தது. கேட்டவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: “ஊருக்குத்தானே போறே, எண்ணெய் போட்டு நாலு தேய்ப்பு தேய்ச்சா சரியாயிடும்.” நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு கிளம்பினேன். ஐந்து வாரத்தில் என்னைப் பிடித்துவிட்டவர்கள் நாலு பேர். அந்த நாலு பேரையும் பற்றித்தான் இது.

முதல் ஆள் சென்னையில். தம்பி மனைவி அன்போடு ஒரு ஸ்பாவில் முன்பதிவு செய்து வைத்திருந்தாள். உள்ளே போனதும் குளிர்ந்த துண்டு, இஞ்சி டீ, எங்கிருந்தோ புல்லாங்குழல். மெனு அட்டையில் ஸ்வீடிஷ், பாலினீஸ், டீப் டிஷ்யூ என்று வரிசை. ஒரு மணி நேரத்துக்கு வரியோடு 4,000 ரூபாய்க்கு மேல். ‘டீடாக்ஸ்’ என்று இன்னொன்று, அதற்குத் தனிக் கட்டணம். உடம்பிலுள்ள கழிவைக் கல்லீரலும் சிறுநீரகமும் சம்பளம் வாங்காமல் வெளியேற்றிக்கொண்டுதான் இருக்கின்றன, அது வேண்டாம் என்றேன். வரவேற்பில் இருந்த பெண் என் ஃபோன் நம்பரைக் கேட்டாள். எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல என்ற காகிதத்தில் கையெழுத்து வாங்கினாள். கேள்வி அவ்வளவுதான்.

மசாஜ் செய்ய வந்த பெண் மிசோரமைச் சேர்ந்தவள். இருபத்து மூன்று வயது இருக்கும். கை நல்ல கை, சும்மா சொல்லக்கூடாது. இடது காலில் தொடங்கி, கெண்டைக்காலைப் பிடித்து மேல்நோக்கி நீவினாள். சுருக்கென்று வலித்தது. எட்டிப் பார்த்தேன். வலது காலைவிட இடது கால் சற்றுப் பருமனாகத் தெரிந்தது. முந்தின நாள்தான் தோஹா வழியாக இருபது மணி நேரத்துக்கும் மேல் பயணம் செய்து வந்து இறங்கியிருந்தேன்.

ஒன்டாரியோவில் மசாஜ் தெரபிஸ்ட் என்பது சட்டப்படி பதிவு பெற்ற மருத்துவத் தொழில். முதல் தடவை போனால் உங்களைத் தொடுவதற்கு முன்பே பக்கம் பக்கமாகப் படிவம் நிரப்பச் சொல்வார்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை உண்டா, சர்க்கரை உண்டா, காலில் உணர்ச்சி குறைவா, அண்மையில் நீண்ட பயணம் போனீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். எரிச்சலோடு எத்தனையோ தடவை நிரப்பியிருக்கிறேன். அந்தப் பயண வரி இப்போது நான் மேசையில் கவிழ்ந்து கிடக்கும்போது ஞாபகம் வந்தது. மணிக்கணக்கில் உட்கார்ந்தே வந்த பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அதைப் பிசைந்தால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு.

“ரோக்கோ, ரோக்கோ” என்று என் அரைகுறை இந்தியில் நிறுத்தினேன். அந்தப் பெண் தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாகப் பயந்துபோனாள். அவள் மேல் தப்பே இல்லை. கேட்க வேண்டிய கேள்வியை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நேராக ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போய்க் காலில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தோம். உறைவு எதுவும் இல்லை, வெறும் பயண வீக்கம். நிம்மதியாக வீட்டுக்கு வந்தால் ஸ்பாவிலிருந்து ஃபோன்: பத்து சிட்டிங்குக்குச் சேர்ந்தால் இரண்டு இலவசமாம்.

அப்புறம் நெல்லை எக்ஸ்பிரஸ். விடிந்தால் திருநெல்வேலி. சித்தி வீட்டு நடையில் செருப்பைக் கழற்றும்போதே, “ஏட்டி, கையத் தூக்கு பாப்போம்” என்றாள். தூக்கினேன். தோள் உயரம்கூட வரவில்லை. “இவ்வளவுதானா?” என்று உதட்டைப் பிதுக்கினாள். அங்கே இருந்த நாளெல்லாம் காலை காப்பிக்கு முன்னால் இந்தப் பரீட்சை நடந்தது.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி சொன்னாரென்று ஓர் இடத்துக்குப் போனோம். வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ். மூட்டு, முதுகு, வர்மம், ‘108 வர்மமும் கைவசம்’. உள்ளே இருந்தவர் எதுவும் கேட்கவில்லை. நான் கொண்டுபோன எக்ஸ்ரேயை உறையிலிருந்து எடுக்கவும் விடவில்லை. “உக்காருங்க, நரம்பு ஏறிக் கிடக்கு” என்றார். எண்ணெயைத் தடவி, ஒரு கையால் தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் என் முழங்கையைப் பற்றி ஒரே இழுப்பு. கண்ணில் பூச்சி பறந்தது. “சத்தம் கேட்டுச்சா? இறங்கிருச்சு” என்றார். கேட்டது என் சத்தம்தான். 600 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தோம். மூன்று ராத்திரி அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடியவில்லை. வலி கூடும் காலத்தில் வலுக்கட்டாயமாக இழுத்தால் மூட்டுறை இன்னும் வீங்கும் என்று அப்புறம் தெரிந்தது. கூட வந்த சித்தி வீடு வரும்வரை வாயே திறக்கவில்லை, அது அவள் வழக்கமே இல்லை.

நாலாம் நாள் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனேன். 1964-ல் தொடங்கிய கல்லூரி. நான் பள்ளிக்கூடம் போகும்போது தினமும் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்த கட்டடம். ஒருநாளும் உள்ளே கால் வைத்ததில்லை. கூட்டம் உண்டு, சீட்டுக்குக் காசு கிடையாது. என்னைப் பார்த்தது ஒரு பயிற்சி மருத்துவர், பொடிப் பெண். ஐந்தரை வருஷப் படிப்பின் கடைசி வருஷம்.

“அக்கா, சுகர் கடைசியா எப்பப் பாத்தீங்க?” இதுதான் முதல் கேள்வி. அப்புறம் என்ன மாத்திரை, தூக்கம் எப்படி, கீழே விழுந்தீர்களா, வலி ராத்திரி கூடுமா, பகலிலா. மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் என்று நாடி பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். சிறுநீரில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டுப் பார்க்கும் நெய்க்குறியும் நடந்தது. எண்ணெய் பாம்பு போல நீண்டால் வாதம், வளையமாகப் பரவினால் பித்தம், முத்துப் போல நின்றால் கபம். எனக்கு நீண்டது. ஃபோனில் கேட்டு என் கணவர் சிரித்தார். எனக்கும் அதில் முழு நம்பிக்கை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே காலையில் ரத்தத்தில் சர்க்கரையும் பார்த்தார்கள், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தார்கள், கோணமானி வைத்து என் கை 80 டிகிரிதான் தூக்குகிறது என்று சீட்டில் எழுதினார்கள். ஃப்ளெக்ஸ் வைத்தியம் பற்றிச் சொன்னபோது பெரிய டாக்டர் ஒன்றும் திட்டவில்லை. “வர்மம்னா விரலுக்கு எவ்வளவு அழுத்தம்னே கணக்கு இருக்கும்மா. கால் மாத்திரை, அரை மாத்திரைன்னு அளந்து கொடுக்கிறது” என்றார். விழுங்குகிற மாத்திரை இல்லை, அழுத்தத்தின் அளவு. உடம்பிலுள்ள வர்மப் புள்ளிகள் 108-ல் 12 படுவர்மம், 96 தொடுவர்மம். படுவர்மத்தில் பலத்த அடி பட்டால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லப்படுவது. எல்லாம் கைவசம் என்று போர்டு மாட்டுகிற சமாச்சாரம் இல்லை அது.

எனக்கு இருப்பதற்குச் சித்த மருத்துவத்தில் கும்பவாதம் என்று பெயர். வைத்தியம், தொக்கணம். மசாஜுக்கு நம் பழைய சொல் அது. அதில் ஒன்பது வகை. அந்தப் பொடிப் பெண் வாய்ப்பாடு ஒப்பிப்பது போலச் சொன்னாள்: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். “உங்களுக்குப் பிடித்தலும் அழுத்தலும், கடைசியில லேசா அசைத்தலும் மட்டும்தான். இழுத்தல் இப்ப கிடையவே கிடையாது.” அந்த ‘கிடையவே கிடையாது’ காதில் தேன் மாதிரி விழுந்தது.

தொக்கண அறை என்றால் ஸ்பாவை நினைத்துக்கொள்ள வேண்டாம். மெழுகுவத்தி இல்லை, சங்கீதம் இல்லை. வருஷக்கணக்காக எண்ணெய் குடித்துக் கறுத்துப்போன மர மேசை. மேலே ஒரு மின்விசிறி. பெண்களுக்குப் பெண்தான். வீட்டிலிருந்து பழைய நைட்டியும் துண்டும் கொண்டுபோக வேண்டும். கிண்ணத்தில் உளுந்துத் தைலத்தை ஊற்றி, கொதிநீரில் வைத்து வெதுவெதுப்பாக்கினார் ஐம்பது வயது அம்மா ஒருவர். முதலில் தன் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார், குழந்தைக்குப் பால் ஆற்றுகிற மாதிரி. அப்புறம் என் தோளில் ஒரு சொட்டு விட்டு, “சூடு தெரியுதா?” என்றார். சர்க்கரைக்காரர்களுக்குச் சில நேரம் சூடே உறைக்காது, தெரியாமல் வெந்துவிடும். அதனால்தான் அந்தக் கேள்வி. கழுத்தில் தொடங்கி, தோள்பட்டை எலும்பின் ஓரமாகக் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது. அமுக்கவில்லை, சும்மா வைத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சதை தானாக விட்டுக்கொடுத்தது. பிறகு நொச்சி இலை வதக்கிக் கட்டிய பொட்டலத்தால் ஒற்றடம். பதினைந்து நிமிஷம்தான். வெளியே வந்து வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்படியே தூங்கிப்போய்விட்டேன், ஹேண்ட்பேக்கைக்கூடப் பிடித்துக்கொள்ளாமல்.

பத்து நாள் போனேன். சுவரில் விரலால் ஏணி ஏறுவது போல ஒரு பயிற்சியும், குனிந்து நின்று கையை ஊஞ்சலாக ஆட்டும் இன்னொரு பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார்கள். பத்தாம் நாள் கோணமானி 110 காட்டியது. முழுப் பெருமையும் எண்ணெய்க்கே என்று எழுத மனசு வரவில்லை. ஐந்து வாரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவில்லை, பத்து மணிக்குத் தூங்கினேன், அந்த நோய்க்கும் தானாக இளகும் காலம் என்று ஒன்று உண்டு. எது எவ்வளவு செய்தது என்று யார் பிரித்துச் சொல்வது? ராத்திரி வலியில் முழிப்பு வருவது நின்றது. அது மட்டும் நிச்சயம்.

நாலாவது ஆள் சித்தி. தோளுக்கு இல்லை, தலைக்கு. வெள்ளிக்கிழமைதோறும் செக்கு நல்லெண்ணெயில் நாலு மிளகும் ஒரு வெற்றிலையும் கிள்ளிப் போட்டுக் காய்ச்சுவாள். வெற்றிலை படபடவென்று வெடித்து அடங்கியதும் இறக்கி ஆறவைப்பாள். “வைத்தியனுக்குக் கொடுக்கறத வாணியனுக்குக் கொடுன்னு சும்மாவா சொன்னாங்க” என்று உச்சந்தலையில் ஓங்கி ஒரு தட்டு. வாணியன் என்றால் எண்ணெய் ஆட்டுகிறவர். தொக்கணத்தில் முதல் வகை தட்டல் என்று நான் ஆரம்பித்தால், “பேசாம இரு, எண்ணெ கண்ணுல வழியும்” என்பாள். அப்புறம் சீயக்காய், வெந்நீர், சாம்பிராணிப் புகை, மிளகு ரசம். தயிர் கிடையாது, பகல் தூக்கம் கிடையாது. நான் இரண்டு வெள்ளியும் தூங்கி மாட்டிக்கொண்டேன். மூன்றாம் வெள்ளி எண்ணெய் மிச்சம் இருந்தது. சித்தியை உட்காரவைத்து அவள் முழங்காலில் இடது கையால் தடவினேன். வீங்கிய மூட்டு இரண்டும் கொதித்துக் கிடந்தன. இதை ஏன் டாக்டரிடம் காட்டவில்லை என்றால், “எனக்கென்ன” என்று எழுந்து போய்விட்டாள். மறுநாள் அவளுக்கும் ஒரு சீட்டு வாங்கினேன்.

ஊருக்குப் போகிறவர்கள் கேட்பீர்கள் என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். தைலத்தை லக்கேஜில்தான் போட வேண்டும். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விட மாட்டார்கள். மூடிக்கு மேல் டேப் சுற்றி, இரண்டு பிளாஸ்டிக் பையில் போட்டு, பழைய துணிக்கு நடுவே வையுங்கள். புதுப் பட்டுப் புடவைக்கு நடுவே வேண்டாம், அனுபவம் பேசுகிறது. விடமுட்டித் தைலம் யாராவது கொடுத்தால் அது விஷமுள்ள எட்டிக்கொட்டை சேர்ந்தது என்பதை மறக்காதீர்கள். பூசியதும் கையைக் கழுவ வேண்டும், குழந்தைகள் இருக்கிற வீட்டில் கைக்கெட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். உள்ளுக்குச் சாப்பிடும் பற்பம், செந்தூரம் வகைகளில் உலோகச் சரக்குகள் சேரும் என்பதால், இங்கே உள்ள டாக்டருக்குத் தெரியாமல் தொடவே வேண்டாம். நான் பூசுகிற எண்ணெய் மட்டும்தான் கொண்டுவந்தேன்.

போன சனிக்கிழமை சித்தி வீடியோ காலில் வந்தாள். முழங்காலுக்கு ஒற்றடம் நடக்கிறதாம், அந்தப் பொடிப் பெண் ரொம்ப நல்ல பிள்ளையாம், கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்து வைத்திருக்கிறாளாம். பிறகு ஞாபகம் வந்தவளாக, “ஏட்டி, கையத் தூக்கு பாப்போம்” என்றாள். ஃபோனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டுத் தூக்கினேன். காது வரை வந்தது. “இன்னும் கொஞ்சம்” என்றாள். அதற்குள் அவள் பக்கம் கரண்ட் போய்விட்டது.