எம்ஜிஎம்டி பரிசோதனை: சேவைக்கு நான்கு நட்சத்திரம், அறிக்கைக்கு இரண்டு

என் தம்பிக்கு வந்திருப்பது கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுக்கட்டி. அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியின் பிளாக்கை, அதாவது மெழுகில் பதித்து வைத்த துண்டை, ஒரு தனியார் ஆய்வகத்துக்கு அனுப்பி எம்ஜிஎம்டி பரிசோதனை செய்துகொண்டோம். பெயரைச் சொல்லப் போவதில்லை. மாதிரியை வாங்கிச் சென்ற விதம், நடுவில் தகவல் சொன்ன விதம், பிளாக்கைக் கேட்காமலேயே திருப்பி அனுப்பியது எல்லாம் நன்றாகவே இருந்தன. என் சண்டை அறிக்கையோடுதான்.

முதலில் இந்தப் பரிசோதனை எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். டெமோசோலோமைடு மாத்திரை புற்றுச் செல்லின் டிஎன்ஏவில், குவானினின் ஆறாம் இடத்து ஆக்சிஜன் மீது மெத்தில் என்ற சிறிய வேதித் தொகுதி ஒன்றை ஒட்டுகிறது. அடுத்த முறை டிஎன்ஏ படியெடுக்கப்படும்போது அந்தக் குவானின் சைட்டோசினை விட்டுவிட்டுத் தைமினோடு சேர்கிறது. பிழைதிருத்தும் புரதங்கள் தைமினை வெட்டி எறிகின்றன; மறுபடியும் தைமினே வந்து உட்காருகிறது. இப்படி வெட்டுப்பட்டே இழை அறுந்து செல் சாக வேண்டும். எம்ஜிஎம்டி புரதம் இருந்தால் இது நடக்காது. அது மெத்திலைத் தன் மேல் வாங்கிக்கொண்டு குவானினைப் பழையபடி ஆக்கிவிடுகிறது. வினையூக்கி மாறாமல் மீளும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவள் நான். இந்த நொதியோ ஒரே ஒரு தடவை வேலை செய்துவிட்டு அழிந்துபோகிறது. ஆகவே செல்லிடம் அது எவ்வளவு கையிருப்பு இருக்கிறது என்பதே கேள்வி. அதை உண்டாக்கும் மரபணுவின் முகப்பில் மெத்திலேற்றம் இருந்தால், அதாவது மருந்து ஒட்டுவதல்லாமல் செல்லிலேயே மெத்தில்கள் ஒட்டியிருந்தால், உற்பத்தி அடங்கும், மருந்து பலிக்கும் வாய்ப்பு கூடும். பரிசோதனை பார்ப்பது இந்த மெத்திலேற்றத்தைத்தான். 2005இல் வெளியான ஆய்வில், கதிர்வீச்சோடு டெமோசோலோமைடும் பெற்றவர்களில் மெத்திலேற்றம் உள்ளவர்களின் இடைநிலை ஆயுள் 21.7 மாதம், இல்லாதவர்களுக்கு 12.7 மாதம்.

இவ்வளவு கனமான விஷயத்துக்கு எங்களுக்கு வந்தது ஒரு பக்கம். அதில் 'மெத்திலேற்றம் இல்லை' என்று ஒரு வரி. அடியில் பொடி எழுத்தில், 'டெமோசோலோமைடால் பயன் எதிர்பார்க்க இயலாது'. பயன்படுத்திய முறை பைரோசீக்வென்சிங் என்றும் போட்டிருந்தார்கள். அந்த முறை தருவதே மெத்திலேற்றத்தின் விழுக்காடுதான்! எண்ணை அளந்துவிட்டு, அதை 'இல்லை' என்று மாற்றி, எண்ணைத் தூக்கிப்போட்டிருக்கிறார்கள்.

தொலைபேசியில் கேட்டதும் பணிவாகப் பேசி எண்களை அனுப்பினார்கள். 'இருக்கிறது', 'இல்லை' என்று பிரிக்கும் வரம்புக்குச் சற்றே கீழே இருந்தது தம்பியின் விழுக்காடு. அந்த வரம்பு ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும். மாதிரியில் சாதாரண செல்கள் அதிகம் கலந்திருந்தாலும் விழுக்காடு இறங்கிவிடும். ஆனால் புற்றுச் செல்கள் எத்தனை பங்கு என்ற தகவல் அறிக்கையில் எங்குமே இல்லை. மருத்துவர் எண்ணைப் பார்த்துவிட்டு, அந்தப் பொடி எழுத்தைப் பொருட்படுத்தாமல் கதிர்வீச்சோடு மாத்திரையையும் தொடங்கிவிட்டார். அந்த வரியை எங்கள் வீட்டில் தம்பியும் படித்தான் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

இன்னொன்றும் அறிக்கை சொல்லியிருக்க வேண்டும். எம்ஜிஎம்டி ஒன்றே தடை அல்ல. சிகிச்சைக்குப் பின் திரும்பி வரும் சில கட்டிகளில் எம்எஸ்எச்6 போன்ற பிழைதிருத்தும் மரபணு பழுதாகிவிடுகிறது. வெட்டுவதற்கு ஆள் இல்லாததால் மெத்தில் ஒட்டியும் செல் சாவதில்லை. முதல் கட்டியின் அறிக்கை அதைப் பற்றி எதுவும் காட்டாது.

பரிசோதனை தேவையானதுதான், செய்துகொள்ளுங்கள். பிளாக்கைக் கொடுக்கும்போதே விழுக்காடு, வரம்பு, புற்றுச் செல்களின் பங்கு ஆகியவை அறிக்கையில் வருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தப் பொடி எழுத்து வரியை நீக்கும்படி ஆய்வகத்துக்கு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.