கண்டுகொள்ளாத பயிருக்கு எது உதவும்: ஆண்டா, தினமா, கொள்முதலா?

ஒரு பயிரை உலகம் மறந்துவிட்டால் ஐநா இரண்டு விதமாகக் கைகொடுக்கிறது. ஒன்று அந்தப் பயிரின் பெயரில் ஒரு முழு ஆண்டை அறிவிப்பது, மற்றது வருடாவருடம் வரும் தினம். விழாவே இல்லாமல் அரசு விவசாயியிடம் நேரடியாக வாங்குவது மூன்றாவது வழி. என் ஓட்டு அதற்குத்தான்.

ஆண்டின் பலம் வேகம். பொலிவியா முன்மொழிய, 2013 தென் அமெரிக்க மலைநாட்டுத் தானியமான கினோவாவின் ஆண்டானது. ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்த விலை இன்னும் ஏறியது, பெருவின் கடற்கரைப் பக்கமெல்லாம் பூச்சிமருந்து அடித்துக் கினோவா போட்டார்கள், அந்த மருந்தின் எச்சம் இருக்கிறதென்று அமெரிக்கா சில சரக்குகளைத் திருப்பி அனுப்பியது, 2015-இல் விலை சரிந்தது. விலை ஏறியதால் உள்ளூர் ஏழைகள் பட்டினி கிடந்ததாக அப்போது நிறையப் பேர் எழுதினார்கள். பெருவின் குடும்பச் செலவுக் கணக்கைப் பார்த்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை, விலை ஏறியபோது மக்கள் கொஞ்சம் நன்றாகவே இருந்திருக்கிறார்கள். அடி விழுந்தது விலை சரிந்தபோதுதான், அதுவும் காலங்காலமாக அதைக் காப்பாற்றி வந்த மலைநாட்டு விவசாயிக்கு. ஆயிரக்கணக்கான ரகங்களில் சந்தை கேட்டது சிலவற்றை மட்டுமே, இது எனக்கு இன்னும் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

இன்னொன்று, ஆண்டு அறிவித்தால் பணமும் கூடவே வராது. செலவெல்லாம் தன்னார்வ நன்கொடையில்தான்.

தினம் மலிவு. பருப்பு வகைகளுக்கு 2016 ஆண்டாக இருந்தது, அப்புறம் புர்கினா ஃபாசோ கேட்டுக்கொண்டதால் 2019 முதல் பிப்ரவரி 10 உலகப் பருப்பு தினம். சந்தையை உலுக்காது, ஆனால் மறக்கவும் விடாது. அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம்.

கொள்முதல் மெதுவானது, கருவூலத்துக்குச் சுமை, அரசு கைவிட்டால் விவசாயி நடுத்தெருவில். ஆனாலும் விலை ஓர் அளவுக்குக் கீழே போகாமல் தாங்குகிறது. ஒடிசா 2017-இலேயே சிறுதானியத் திட்டம் தொடங்கி, கேழ்வரகை ஆதரவு விலைக்கு வாங்கி, கிராமத்திலேயே உமி நீக்கும் இயந்திரம் வைத்தது. 72 நாடுகள் ஆதரித்த 2023 சிறுதானிய ஆண்டு வந்தபோது அங்கே விற்க வழி ஏற்கெனவே இருந்தது. கினோவாவுக்கு இந்த வரிசை தலைகீழானது.

ஆண்டு வேண்டுமென்றால் அதை முன்மொழிந்து ஆதரவு திரட்ட ஒரு நாடு வேண்டும். எத்தியோப்பியாவில் சுமார் 2 கோடிப் பேருக்குச் சோறு போடும் என்செட், வாழைக்கு உறவான பயிர், அதற்கு இன்னும் ஓர் ஆண்டு கிடைக்கவில்லை.